சல்லிவன் குடும்பக் கல்லறைகள்: ஊட்டியிலோ இங்கிலாந்தின் ஸ்லவ் பக்கமோ யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து தங்கிய கன்னேரிமுக்கு பங்களா பக்கத்திலேயே இருப்பதால், சின்ன வயதிலிருந்தே அவர் மேல் ஒரு ஆர்வம். ஊட்டி ஏரி அவர் வெட்டியதுதான்.

அவர் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹேரியட்டும் 1838இல் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். இருவருமே ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். சல்லிவன் 1855இல் இறந்தது இங்கிலாந்தில். ஸ்லவ் நகருக்குள் இப்போது கலந்துவிட்ட அப்டன் என்ற பழைய கிராமத்தின் செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் கிடக்கிறார். குடும்பம் இப்படிக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக.

போன மாதம் ஊட்டிக்குப் போனேன். ஒரே தூறல். கல்லில் பாசி, விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படுகிறது, போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை. என் குடை நிழல் மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது!

ஊட்டி நண்பர்கள் யாராவது மழையில்லாத நாளில், வெயில் சாய்வாக விழும் காலையில், கல்வெட்டு முழுவதையும் படமெடுத்து அனுப்ப முடியுமா? டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் எழுத்து எழும்பித் தெரியும். தயவுசெய்து சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், ஆசிட், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், கல் பொரிந்துவிடும். அப்புறம், ஸ்லவ் பக்கம் இருப்பவர்கள் அப்டனுக்கு ஒரு நடை போய்வந்தால் பெரிய உபகாரம்.