அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி: பிறக்கப்போகும் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் தேவையா?

வைகைக்கரை:
கணவருக்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. (கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ், வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு 12-வது வாரத்தில் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். இப்போது 34-வது வாரம். மூத்தவளுக்கு 4 வயது. தடுப்பூசி அட்டையில் பென்டாவேலன்ட் (ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி) மூன்று தவணையும் இருக்கிறது, பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ் பி ஊசியின் கட்டம் மட்டும் காலி. பிறக்கும் குழந்தைக்குத் தடுப்பூசி போதுமா, இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்புக்காக எதிர்ப்பொருளையே நேரடியாகத் தரும் ஊசி) வேண்டுமா? பெரியவளுக்கு என்ன டெஸ்ட்? தட்டு, டம்ளரையெல்லாம் பிரித்துவைக்கச் சொல்கிறார் மாமியார்.

பிரசவ வார்டு செவிலி:
முதலில் உங்கள் ரத்தத்தை இந்த வாரமே மறுபடி பாருங்கள் சகோதரி. 12-வது வார ரிசல்ட்டை நம்பிப் பிரசவத்துக்குப் போகக்கூடாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு மிக அதிகம். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.யோடு ஆன்டி-ஹெச்.பி.எஸ். (எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டுவது), ஆன்டி-ஹெச்.பி.சி. (எப்போதாவது தொற்றியதா என்று காட்டுவது) இரண்டும் கேளுங்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் டாக்டரிடம் சொல்லி நீங்களும் தடுப்பூசி தொடங்குங்கள் (0, 1, 6 மாதம்). கர்ப்பத்தில் போடத் தடையில்லை.

நீங்கள் நெகட்டிவ் என்றால் குழந்தைக்குத் தடுப்பூசி போதும்: 0.5 மி.லி., 24 மணி நேரத்துக்குள், தொடையின் வெளிப்பக்கத் தசையில். பாசிட்டிவ் என்றால் 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். இது எல்லா ஆஸ்பத்திரியிலும் கையிருப்பு இருக்காது, முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும்.

பிறந்தவுடன் போடும் இந்த ஊசியைப் பெரும்பாலும் கோட்டை விடுவது ஞாயிற்றுக்கிழமைப் பிரசவத்தில்தான். "ஆறாவது வாரம் பென்டாவேலன்ட்டில் வந்துவிடுமே" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பிறப்போடு தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். பெரியவர்களில் இருபதில் ஒருவருக்குக்கூட அப்படி ஆவதில்லை.

ரத்தப்பரிசோதனைக்கூடம்:
பெரியவளுக்கும் அதே மூன்று டெஸ்ட். முதல் ஊசி விட்டுப்போனதால் தொடரைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். ஆன்டி-ஹெச்.பி.எஸ். 10-க்குக் கீழே வந்து மற்ற இரண்டும் நெகட்டிவ் என்றால் பயப்பட வேண்டாம். சில வருடங்களில் அளவு இறங்குவது சகஜம். ஒரு பூஸ்டர் போட்டு, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: தடுப்பூசி போட்ட இரண்டு மூன்று வாரத்துக்குள் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. எடுத்தால் ஊசியில் உள்ள புரதமே பாசிட்டிவ் காட்டலாம். பெரியவளுக்கு முதலில் ரத்தம், பிறகு ஊசி. உங்களுக்கும் அப்படியே.

நீங்கள் பாசிட்டிவாக இருந்தால் மட்டும் சின்னதுக்கு 9 முதல் 12 மாதத்துக்குள் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி-ஹெச்.பி.எஸ். பார்க்க வேண்டும். ஆன்டி-ஹெச்.பி.சி. அந்த வயதில் வேண்டாம், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே இரண்டு வயதுவரை தெரியக்கூடும்.

வைகைக்கரை:
நன்றி. நான் பாசிட்டிவ் என்றால் தாய்ப்பால்?

பிரசவ வார்டு செவிலி:
தாராளமாகக் கொடுக்கலாம், ஊசிகள் நேரத்துக்குப் போட்டிருந்தால் போதும். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் ஆறும்வரை அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மறு பக்கம் கொடுங்கள்.

சமூகநலப் பணியாளர்:
தட்டு, டம்ளர், ஒரே பந்தியில் சாப்பாடு, பிள்ளையைத் தூக்குவது, எதுவும் ஆபத்தில்லை. அவரை ஒதுக்கிவைக்காதீர்கள், மாமியாரிடமும் சொல்லுங்கள். பயப்பட வேண்டியது ரத்தத்துக்கு. காய்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் 7 நாளாவது உயிர்ப்போடு இருக்கும். அதனால் பிரிக்க வேண்டியவை ரேஸர், பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி. எல்லோரும் கவனிக்காமல் விடுவது முள் எடுக்கும் ஊக்கு. அப்பாவின் கால் முள்ளை எடுத்த ஊக்கிலேயே பிள்ளைக்கும் எடுப்பார்கள். சோற்றை மென்று ஊட்டுவதும் வேண்டாம், ஈறில் ரத்தம் இருக்கலாம்.

தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அன்றன்று கரைத்ததுதான் வேலை செய்யும். வெகுநாள் திறந்து கிடந்த பவுடரில் குளோரின் போயிருக்கும். பாத்ரூம் ஆசிட்டோடு கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

மாத்திரையை அவர் தானாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வைரஸ் எகிறிக் கல்லீரலையே தாக்கலாம். செலவு காரணம் என்றால், 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.