எபேசியர் நிருபம் யாருக்கு எழுதப்பட்டது? உதவி தேவை

வேதபாட வகுப்புக்காக, புதிய ஏற்பாட்டில் பவுல் பெயரில் உள்ள எபேசியர் நிருபத்தைப் (கடிதத்தை) படிக்கிறேன். மூன்று வாரமாக முதல் வசனத்தையே தாண்ட முடியவில்லை. யாருக்கு என்று சொல்லும் அந்த வசனத்தில், "எபேசுவில்" என்ற சொல் பாப்பிரஸ் 46 என்ற மிகப் பழைய கையெழுத்துப் பிரதியில் இல்லை. 4-ஆம் நூற்றாண்டின் கிரேக்க வேதாகமப் பிரதிகளான சினாய்ட்டிக்கஸ், வத்திக்கானுஸ் இரண்டிலும் பின்னால் வந்த ஒரு கைதான் அதை ஓரத்தில் சேர்த்திருக்கிறது.

பவுல் மூன்று வருஷம் எபேசுவில் கண்ணீரோடு உழைத்தவர் (அப்போஸ்தலர் 20:31). பழகிய சபைக்கு, உங்கள் விசுவாசத்தைக் கேள்விப்பட்டேன் என்றா எழுதுவார் (1:15)? கடைசியில் ஒருவர் பெயரைச் சொல்லிக்கூட வாழ்த்து இல்லை. இதுதான் என்னை ரொம்பவே உறுத்துகிறது.

சரி, 2-ஆம் நூற்றாண்டு ஆசிரியர் மார்சியன் சொன்னபடி லவோதிக்கேயாவுக்குத்தான் என்று வைத்து, லவோதிக்கேயாவிலிருந்து வரும் நிருபத்தையும் வாசியுங்கள் என்கிற கொலோசெயர் 4:16-உடன் சேர்த்துப் பார்த்தேன். அந்த ஊர்ப் பெயரும் எந்தக் கிரேக்கப் பிரதியிலும் இல்லை. அப்புறம் பல சபைகளுக்குச் சுற்றி அனுப்பிய சுற்று நிருபமாக இருக்குமோ என்று பார்த்தேன். ஊர்ப் பெயருக்கு இடம் விட்ட பிரதியும் கிடைக்கவில்லை.

எபேசுவா, லவோதிக்கேயாவா, ரோமப் பேரரசின் ஆசியா மாகாணத்துச் சபைகள் எல்லாவற்றுக்குமா என்பதை நிருபத்துக்கு உள்ளேயே இருக்கும் எந்த வசனத்தை வைத்து முடிவு செய்யலாம்?