மலையிலிருந்து கரி ட்ராக்குக்கு: பிரேக், டயர், வீட்டு சிமுலேட்டர் – உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கேத்திக்காரன்

போன தடவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ட்ராக் டே (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) நடந்தபோது பார்க்கிங்கில் டிஎன் 43 வண்டிகள் நிறையவே நின்றன. நீலகிரியில் இவ்வளவு பேருக்கு இந்தக் கிறுக்கு இருக்கிறதா என்று ஆச்சரியம்தான். மலையில் ஓட்டிப் பழகிய நமக்கு ட்ராக்கில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது, வண்டியில் எதை மாற்றியது பயன்பட்டது, வீட்டில் சிமுலேட்டர் (ஸ்டியரிங், பெடலோடு கம்ப்யூட்டரில் ஓட்டும் கார் விளையாட்டு) வைத்திருப்பவர்களுக்கு அதனால் உருப்படியாக ஏதாவது கிடைத்ததா, எல்லாம் ஒரே இடத்தில் சேரட்டும். என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

வண்டி பழைய ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோவை நானூறு சொச்சம். மேலே காற்றழுத்தம் கோவையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் இங்கே ஏற்றத்தில் முக்கி முனகும் அதே இன்ஜின் செட்டிபாளையம் போனதும் யாரோ ராத்திரியில் மாற்றி வைத்த மாதிரி இழுக்கும். சந்தோஷம்தான், ஆனால் நேர்ச்சாலை முடியும் இடத்துக்கு நமக்குப் பழக்கமில்லாத வேகத்தில் போய்ச் சேருகிறோம், அங்கே மொத்த வேலையும் பிரேக் தலையில் விழுகிறது. பவர் ஏற இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணலாமா, எக்ஸாஸ்ட் மாற்றலாமா என்று கேட்கும் தம்பிகளிடம் நான் சொல்வது, இரண்டு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ட்ராக்கில் கூடுதல் குதிரைச்சக்தியைச் செலவழிக்க இடமே இல்லை. அந்த ட்ராக்குக்குப் பெயர் கொடுத்த கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி கார்களைச் செய்தார். 2005இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1 வரைக்கும் போன நம் கோவை நரேன் கார்த்திகேயன் ரேஸில் இறங்கியதும் அந்தக் குட்டி இன்ஜினோடுதான்.

சரி, பிரேக்குக்கு வருகிறேன். நம் ஊரில் வண்டி கற்றுக்கொடுக்கும் யாரும் முதலில் சொல்வது, எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்பதுதான். பர்லியாறு இறக்கமோ கல்லட்டியின் 36 கொண்டை ஊசியோ, இன்ஜின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக்கை விட்டு விட்டுத் தொட வேண்டும், இல்லையென்றால் பாதி வழியில் தீய்ந்த வாடை வந்துவிடும். ட்ராக்கில் இதற்கு நேர் எதிர். வண்டி நேராக இருக்கும்போதே ஒரே மிதி, ஏபிஎஸ் துடிக்கும் விளிம்பு வரைக்கும், அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வளைவுக்குள் போக வேண்டும். பிரேக் பிடித்திருக்கும்வரை எடை முன் டயர்கள் மேல் இருக்கிறது, எடை இருக்கும்வரை அவை திரும்பும்; காலைச் சடாரென்று எடுத்தால் மூக்கு தூக்கிக்கொண்டு வண்டி வெளிப்பக்கமாகத் தள்ளும். முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் இது அப்பட்டமாகத் தெரியும். மிதிப்பது சீக்கிரம் வந்துவிடுகிறது. காலை எடுப்பதுதான் வர மாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து வந்த பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மலைக்காரர்களை முதல் லேப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம், இடது ஓரத்தை விடவே மாட்டார்கள்." வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அரசுப் பேருந்து வரும் என்ற எச்சரிக்கை நம் எலும்பில் ஊறியிருக்கிறது. ட்ராக்கின் முழு அகலமும் நம்முடையது என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது.

இந்த இரண்டுக்கும்தான் எனக்கு சிமுலேட்டர் உதவியது. முதலில் லாஜிடெக் ஜி29 என்ற ஸ்டியரிங், பெடல் செட். அதன் பிரேக் பெடல் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதை அளக்கிறது. நிஜ வண்டியிலோ கால் நம்புவது தூரத்தை அல்ல, அழுத்தத்தை. அதனால் கொஞ்ச நாளில் அழுத்தத்தை அளக்கும் லோடு செல் பெடலுக்கு மாறினேன், மொத்தச் செலவில் பலன் தந்தது அந்த ஒன்றுதான். ஓங்கி மிதித்தால் பெடல் மரத்தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும், சுவரோடு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து ஆணி அடித்தேன், வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இங்கே வேண்டாம். நான் ஓட்டுவது அசெட்டோ கோர்சா என்ற சிமுலேட்டர் கேமில் ப்ராண்ட்ஸ் ஹாட்ச் இண்டி என்ற இங்கிலாந்து ட்ராக், 1.9 கிலோமீட்டர், கரி அளவுக்குக் கிட்டத்தட்ட வரும். நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும் ட்ராக் அது: பேடக் ஹில் வளைவு கண்ணுக்குத் தெரியாத இறக்கத்துக்குள் திரும்புகிறது, உடனே ஏற்றம், மேலே ட்ரூயிட்ஸ் என்ற கொண்டை ஊசி. லேப் டைமைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டு அந்த ஒரு கொண்டை ஊசியை மட்டும் சாயங்காலம் முழுக்க ஓட்டுவேன். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்று காட்டும் கோடு வரைபடத்தில் செங்குத்தாக ஏறி, சாய்வாக இறங்க வேண்டும். கரியில் ஓட்டும்போது போனில் ரேஸ்க்ரோனோ என்ற ஆப்பைப் போட்டு, வேகம் எப்படி இறங்குகிறது என்று பார்த்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். வடிவம் ஒத்துப்போக ஆரம்பித்த பிறகுதான் நேரம் குறைந்தது.

சிமுலேட்டர் கொடுக்காதது: சூடு, பயம், உடம்பில் விழும் இழுவை. அதைப் பற்றி மற்றவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்

கேத்தி அண்ணா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் ட்ராக் டேக்கு முந்தின நாள் மலையிலிருந்து இறங்கி என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஒரே குறைதான். பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள், உங்கள் ஊரிலோ வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள்தான் வாழ்கிறீர்கள். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். டாட் 3 என்றால் 205, ஈரத்தோடு 140. பேடை டிஸ்க் மேல் அழுத்தும் காலிபருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ், குமிழை அழுத்தினால் சுருங்கும், பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும். போன சீசனில் ஒரு பையன், நல்ல காசு போட்டு காயில்ஓவர் சஸ்பென்ஷன், அலாய் வீல் எல்லாம் மாட்டியிருந்தான், ஆயில் மட்டும் வண்டி வாங்கியபோது ஊற்றியதே. மதியத்துக்குள் பெடல் போய்விட்டது. மண்ணில் இறங்கி நின்றதால் ஒன்றும் ஆகவில்லை. அதே பெடல் பர்லியாறுக்கு மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ட்ராக்குக்கு மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ஊற்றுங்கள், புதிதாக இருக்கும்போது 300 டிகிரிக்கு மேல் தாங்கும். ஆனால் அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும், ஊற்றிவிட்டு இரண்டு வருஷம் மறந்துவிடும் சமாச்சாரம் அல்ல.

பிரேக் பேட் விஷயத்தில் எல்லோரும் கேட்பது, ரேஸ் பேட் போடட்டுமா. வேண்டாம். அவை சூடேறினால்தான் கடிக்கும். ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில் வெளியே எடுத்து, முதல் இறக்கத்தில் மிதித்தால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நிற்கும். ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் பொதுவான ரகம் போதும். தட்டு கிரீச்சென்று கத்தும், அது குறை இல்லை.

அரவேணு தோட்டக்காரன்

நான் போலோ ஜிடி டிஎஸ்ஐ. டர்போ என்பதால் மேலே கீழே பவர் வித்தியாசம் அவ்வளவு தெரியாது, எனக்குக் குடைச்சல் டயர் காற்று. மேலே அடித்தது கீழே போனால் என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஒருவர் ஏறும் என்பார் ஒருவர் இறங்கும் என்பார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் ஊட்டியைவிட சுமார் 2.8 பிஎஸ்ஐ அதிகம், அதனால் மீட்டர் அவ்வளவு குறைத்துக் காட்டும். 15 டிகிரி குளிரிலிருந்து 33 டிகிரி வெயிலுக்கு இறங்குவதால் டயருக்குள் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது! மேலே அடித்த 32 கீழே போய்ப் பார்த்தாலும் 32 பக்கத்தில்தான். இரண்டு கட்சியும் பாதி சரி.

ஆனால் ட்ராக்கில் கொஞ்சம் விரட்டி ஓட்டினால் இன்னும் நாலைந்து ஏறும், அப்போது டயர் நடுவில் உப்பி பிடி குறையும். ட்ராக் ஓரம் வண்டி நிறுத்தும் பிட்டுக்கு வந்து சூட்டோடு காற்றை இறக்கி விடுவோம். வீடு திரும்பும்போது மறுபடி அடிக்காமல் மலையேறுபவர்களைப் பார்த்திருக்கிறேன், மழையில் மெத்தென்ற டயரோடு கோத்தகிரி ரோடு என்பது வேண்டாத வேலை. கால்மிதி பம்ப் ஒன்று, நல்ல மீட்டர் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். என்னைக் கேட்டால் முதல் அப்கிரேடே அந்த மீட்டர்தான்.

பெருமாள்மலை

கொடைக்கானல் பக்கமிருந்து ஒரு மாற்றுக்கருத்து. சிமுலேட்டர் என்பது பொழுதுபோக்கு, அதைப் பயிற்சி என்று சொல்லி வீட்டில் அனுமதி வாங்குகிறோம், அவ்வளவுதான். எனக்கு வத்தலக்குண்டு இறங்கி அப்புறம் கோவை என்றால் அரை நாள் பயணம், அப்படியும் அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் பயிற்சியாளருக்கும்தான் கொடுப்பேன். முதுகில் தெரிய வேண்டியது திரையில் தெரியாது. பின்பக்கம் வழுக்கத் தொடங்குவதை நாற்காலியில் உட்கார்ந்து எப்படிக் கற்றுக்கொள்வது?

வெலிங்டன் மலர்

பெருமாள்மலை அண்ணா, நான் உங்களுக்கு நேர் எதிர் கேஸ். ட்ராக்கில் கால் வைக்கும் முன்பே சிமுலேட்டரில் நிறைய ஓட்டியவள், தம்பிக்கு வாங்கியது, அவன் சென்னைக்கு வேலைக்குப் போனதும் எனக்கு வந்தது. நீங்கள் சொல்வது பாதி உண்மை. முதல் தடவை கரியில் கழுத்தும் தொடையும் வலித்தது, பிரேக் மிதித்தால் பெல்ட் நெஞ்சில் அழுத்துவது எந்தத் திரையிலும் வராது. பின்பக்கம் வழுக்குவதும் சிமுலேட்டரில் ஸ்டியரிங் லேசாவதை வைத்துத்தான் தெரியும், நிஜத்தில் அதற்கு முன்பே இடுப்பில் தெரிந்துவிடுகிறது. நிஜம்தான் எளிது என்று எனக்குத் தோன்றியது, அதிகம் தகவல் கிடைக்கிறது.

ஆனால் கண். அதை சிமுலேட்டர்தான் பழக்கியது. இங்கே ஓட்டும்போது நாம் பார்ப்பது எதிர்ப்பக்கம், ஹாரன் சத்தம், மூடுபனிக்குள் மஞ்சள் விளக்கு, சாலையோரம் காட்டெருமை நிற்கிறதா என்று. ட்ராக்கில் பிரேக் மிதிக்கும்போதே கண் வளைவின் உள்முனைக்குப் போக வேண்டும், உள்முனை வரும் முன்பே வெளியேறும் இடத்துக்கு. சிமுலேட்டரில் இதைத் தவறவிட்டால் உடனே புல்லில் கிடப்பீர்கள், பைசா செலவில்லை.

ஒரு விஷயம், திரையின் பார்வைக் கோணத்தைச் சரியாக வையுங்கள். கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தையும் திரை அகலத்தையும் டேப் வைத்து அளந்து கணக்குப் போட வேண்டும். பெரும்பாலானோர் அகலமாக வைத்திருப்பார்கள், எல்லாம் வேகமாகப் போகிற மாதிரி ஜோராக இருக்கும், தூரம் மட்டும் பொய்யாகிவிடும். பிரேக் போடும் இடத்தை அதில் கற்றுக்கொண்டு பிரயோஜனமில்லை. அப்புறம் யுபிஎஸ் வாங்குங்கள், ஆடி மாதக் காற்றில் மரம் கம்பி மேல் விழுவது நமக்குப் புதிதா என்ன.

கேத்திக்காரன்

மலர் சொன்ன கண் விஷயம் நூற்றுக்கு நூறு. பெருமாள்மலை அண்ணா, உதாரணத்துக்கு ஒன்று: 2024, 2025 என அடுத்தடுத்து அமெரிக்காவின் பெரிய கார் ரேஸான டேடோனா 500 ஜெயித்த வில்லியம் பைரன், சின்ன வயதில் வீட்டில் ஐரேசிங் என்ற சிமுலேட்டரில் ஓட்டித்தான் பழகத் தொடங்கினார். நாம் யாரும் பைரன் இல்லை, ஆனால் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது.

பெருமாள்மலை

அது ஓவல் ட்ராக் தம்பி. அப்புறம் உலகத்தில் ஐரேசிங் ஓட்டும் அத்தனை பேரில் அவர் ஒருத்தர். மற்றவர்கள் என்னைப் போல இடுப்பு வலியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்த பிரேக் கோடு சாய்வாக இறங்கும் சமாச்சாரம் மட்டும் யோசிக்க வைக்கிறது, பயிற்சியாளர் என்னிடம் ஒவ்வொரு தடவையும் கத்துவது அதற்குத்தான்.

மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்

டிஸ்க் தட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரியும் யார் காலைச் சடாரென்று எடுக்கிறார்கள் என்று சொல்ல ஆசைதான், உண்மை இல்லை. முன் டயரின் வெளி ஓரத்தைப் பார்த்தால் மட்டும் ஓரளவு தெரியும். வளைவுக்குள் வண்டி வெளியே தள்ளத் தள்ள ஸ்டியரிங்கை இன்னும் இன்னும் திருப்புகிறவர்களுக்கு அந்த ஓரம் ரம்பம் போட்ட மாதிரி இருக்கும். அதைக் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) வைத்துச் சரிசெய்யச் சொல்லி வருகிறார்கள். கொஞ்சம் உதவும், ஆனால் முதலில் கால்.

அரவேணு தோட்டக்காரன்

என் டயர் அப்படித்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லாதீர்கள்.

கேத்திக்காரன்

லோடு செல் வந்த பிறகு பழைய ஜி29 பெடல் செட் பரணில் சும்மா கிடக்கிறது. பெருமாள்மலை அண்ணா, ஸ்டியரிங்கையும் சேர்த்து ஒரு மாதம் வைத்திருந்து பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். பெடலுக்குப் பின்னால் கட்டை அடிக்க மட்டும் மறக்காதீர்கள்.

பெருமாள்மலை

நேரில் கொண்டுவந்தால் உங்கள் வண்டிக்கு கொடைக்கானல் இ-பாஸ் எடுக்க வேண்டும், பெடலுக்கு வேண்டாம். பார்சலில் போடுங்கள். கட்டை என்னிடம் இருக்கிறது, வீட்டில் அனுமதிதான் இல்லை.