ஃப்ரிட்ஜ்ல காய்கறி டிரேக்கு அடியில தினமும் தண்ணி நிக்குது, கேஸ் போயிருச்சுன்னு சொல்றாங்க

கேள்வி (சென்னை, மடிப்பாக்கம்):
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. ரெண்டு வாரமா காலையில பால் எடுக்கத் திறந்தா காய்கறி டிரேக்கு அடியில ஒரு டம்ளர் தண்ணி நிக்குது, துணி போட்டு ஒத்தி எடுத்தா மறுநாள் மறுபடி அதே அளவு. கொத்தமல்லிக் கட்டு ரெண்டு நாள்ல அழுகிருது, கதவைத் திறந்தா தரையிலயும் சொட்டுது. மாமியாருக்கு 70 வயசு, ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்து வழுக்கிடுவாங்களோன்னு எனக்குத் தூக்கமே வர்றதில்ல. மெக்கானிக் ஒருத்தர் வந்து பின்னாடி கை வச்சுப் பாத்துட்டு கேஸ் போயிருச்சு, 3500 ஆகும்னுட்டாரு. ஆனா ஐஸ் நல்லாத்தான் கட்டுது, பாலும் கெடல. குடுக்கலாமா?

பதில் 1 (திருச்சி, ஃப்ரிட்ஜ் வேலை பாக்குறவர்):
பணம் குடுத்துடாதீங்கக்கா. கேஸ் போயிருந்தா முதல்ல கூலிங்தான் போகும், ஐஸ் கட்டுதுன்னா கேஸ் இருக்கு. உங்களுக்கு அடைச்சிருக்கிறது தண்ணி வெளிய போற வழி. ஃப்ரீசர் பின்பக்க மூடிக்குள்ள குளிர வைக்கிற காயில் இருக்கு, அதுல படியற பனியை ஒரு ஹீட்டர் அப்பப்போ உருக்கி விடும், அந்தத் தண்ணி கீழ இருக்கிற ஓட்டை வழியா ட்யூப்ல இறங்கி கம்ப்ரஸர் மேல இருக்கிற தட்டுல விழுந்து அந்தச் சூட்டுலயே ஆவியாயிடும். ஓட்டையில ஐஸோ அழுக்கோ அடைச்சிட்டா தண்ணி வழிஞ்சு கீழ் அறைக்கு வந்து காய்கறி டிரேக்கு அடியில நிக்கும், நீங்க சொல்ற அதே கதைதான்.

பிளக்கைப் புடுங்கிட்டு, சாமானையெல்லாம் எடுத்துட்டு, ரெண்டு கதவையும் ராத்திரி பூரா திறந்து போடுங்க, கீழ பழைய துண்டு விரிச்சிருங்க. காலையில ஃப்ரிட்ஜைத் திருப்பி கம்ப்ரஸர் பக்கம் பாருங்க, தட்டுக்கு மேல ட்யூப் முடியிற இடத்துல நிறைய மாடல்ல சின்ன ரப்பர் வாய் ஒண்ணு இருக்கும், நிறைய வீட்ல அடைப்பு அங்கதான். அதைக் கழட்டிக் கழுவுங்க. மேல ஃப்ரீசர் மூடிக்குள்ள இருக்கிற ஓட்டை வழியா ஊத்தணும்னா மீன் தொட்டிக்குப் போடுற மெல்லிசு ட்யூப்பை 50 மில்லி சிரிஞ்சுல மாட்டி வெதுவெதுப்பான தண்ணி விடுங்க, கொதிக்கிற தண்ணி வேணாம், பிளாஸ்டிக் விரிஞ்சிரும். அந்த மூடியைக் கழட்டப் பழக்கம் இல்லன்னா ஆளை வச்சுப் பண்ணுங்க, உள்ள ஒயர் இருக்கு. அப்புறம் மறுபடி மறுபடி ஐஸ் அடைச்சா ஹீட்டரையோ சென்ஸாரையோ செக் பண்ணணும்.

பதில் 2 (மதுரை):
இதைப் படிக்கிற சிங்கிள் டோர்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், தயவுசெஞ்சு ஐஸைக் கத்தியால குத்தாதீங்க. எங்கம்மா அவசரத்துல குத்தி ஃப்ரீசர் ஓட்டையாகி "உஸ்ஸ்"னு சத்தம் வந்துச்சு, கேஸ் மொத்தமும் போச்சு. இப்ப வர்ற ஃப்ரிட்ஜ்ல நிறைய ஆர்600ஏ கேஸ்தான், அது தீப்பிடிக்கிற கேஸ், அடுப்படியில இருந்தா எவ்வளவு ஆபத்துன்னு யோசிங்க. டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கிட்டு பொறுமையா விட்டாலே உருகிடும்.

பதில் 3 (சென்னை):
பின்னாடி திருப்பும்போது அந்தத் தட்டையும் கழுவிடுங்க மேடம். டெங்கு கொசு முட்டையிடுற இடம் அது, கார்ப்பரேஷன்ல இருந்து வீட்டுக்கு வர்றவங்க முதல்ல டார்ச் அடிச்சுப் பாக்குறதே ஃப்ரிட்ஜ் பின்னாடிதான். வாரம் ஒரு தடவை கொட்டித் துடைச்சிருங்க. கதவு ரப்பரையும் பாருங்க, ஒரு பத்து ரூபா நோட்டை வச்சு மூடி இழுத்தா இறுக்கமா வரணும், லூசா வந்தா வெளிக்காத்து உள்ள போய் பனி அதிகமாப் படியும், அடைப்பும் சீக்கிரம் வரும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணா, நீங்க சொன்ன மாதிரியே ராத்திரி பூரா திறந்து போட்டோம். காலையில எங்க வீட்டுக்காரர் அந்த ரப்பர் வாயைக் கழட்டினாரு, உள்ள கருப்பா கொழகொழன்னு பாசி மாதிரி ஒட்டிக்கிட்டு ரெண்டு உதடும் சேர்ந்து மூடியே போயிருந்துச்சு. பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி மாட்டினதும் ட்யூப்ல தேங்கியிருந்தது சளசளன்னு இறங்குச்சு. தட்டுல புழு நெளிஞ்சுது, நல்லவேளை சொன்னீங்க சார். காய்கறி டிரேக்கு அடியில ஒரு நியூஸ்பேப்பர் போட்டு வச்சேன், இன்னியோட நாலு நாளாச்சு, பேப்பர் போட்டபடி காஞ்சே இருக்கு.