சதை துடிப்பு: நியூரோ டாக்டரைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. இரண்டு மாதமாக இடது கெண்டைக்காலில் சதை துடிக்கிறது. ராத்திரி படுத்தால் தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி கண்ணாலேயே பார்க்கலாம். இப்போது கண் இமையிலும் கட்டைவிரல் அடியிலும் வருகிறது. விடியக்காலம் முந்நூறு மரம் வெட்டினவன், இப்போது நூறு தாண்டுமுன்னே அசந்துபோகிறேன்.

கத்திப் பிடி தளரவில்லை. சட்டைப் பட்டன் போடவும் சிரமமில்லை. ஆனாலும் போனில் ஏ.எல்.எஸ். (சதையை இயக்குகிற நரம்பு கெட்டு, கைகால் பலம் போகிற நோய்) பற்றிப் படித்த நாள்முதல் தூக்கமே இல்லை. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயதில் கண்டுபிடித்தார்களே, அந்த நோய். பலம் குறைகிறதா என்று தினமும் நுனிக்காலில் நின்று பார்க்கிறேன், நாக்கு துடிக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கிறேன். வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை, பிள்ளைகள் சின்னது.

பக்கத்து டாக்டர் முட்டியில் சுத்தியலால் தட்டி, கைகால் பலம் பார்த்தார். பலம் குறையாமல், சதை மெலியாமல் துடிப்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. தூக்கக்குறைவு, கட்டன் சாயா, மனப்பதற்றம்கூட காரணமாகலாம் என்றார். தைராய்டு, கால்சியம், மக்னீசியம், பி12 ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். நாளை கொடுக்கிறேன்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் நியூரோ ஓ.பி. எந்தக் கிழமை? ஈ.எம்.ஜி. (சதையில் ஓடும் மின்சாரத்தைப் பார்க்கிற டெஸ்ட்) அங்கேயே எடுக்கலாமா, திருவனந்தபுரம் போகணுமா? செலவு எவ்வளவு வரும்? இதேபோல் துடிப்பு வந்து சரியானவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மாதத்தில் நின்றது என்று தயவுசெய்து எழுதுங்கள்.