மறு: பிரசன்ட் பெர்ஃபெக்ட்: முற்றா, நிறைவா, இருப்பா?

> 'நிகழ்கால முற்று' என்றே இருக்கட்டுமே. பழகிய சொல்தானே?

ஐயா, வணக்கம். ஆங்கில இலக்கணத்தின் 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' காலத்துக்கு ('ஹேஸ் கம்' மாதிரி) தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே பேச்சு.

பழகிய சொல்தான். ஆனால் நம் இலக்கணத்தில் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. வந்தான், வருகிறான், வருவான் மூன்றுமே வினைமுற்று, அதாவது வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை. எதிரே நிற்பது 'வந்து' என்ற எச்சம். தமிழ் வகுப்பில் 'வருகிறான்' நிகழ்கால வினைமுற்று என்று படித்த பிள்ளைக்கு, அடுத்த பீரியடில் 'ஹேஸ் கம்' நிகழ்கால முற்று என்றால் எதைப் பிடித்துக்கொள்ளும்?

'நிறைவு' என்றாலும் தீராது. 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பவர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். எது நிறைந்தது? நாம் இதை 'பத்து வருஷமா இங்கதான் இருக்கேன்' என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவோம்.

என் பரிந்துரை 'இருப்பு'. பேரேட்டில் எழுதுவோமே, அதே இருப்பு: வரவுசெலவு நேற்றோடு முடிந்தது, மிச்சம் இன்று கையில். 'ஐ ப்ரோக் மை லெக்' என்றால் கால் முறிந்தது பழைய கதை. ஆறி, ஓடிக்கொண்டும் இருக்கலாம். 'ஐ ஹேவ் ப்ரோக்கன் மை லெக்' என்பவர் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். முன்னது வெறும் இறந்தகாலம், அடைமொழி வேண்டாம். பின்னது நிகழ்கால இருப்பு. 'ஹேட் ப்ரோக்கன்' இறந்தகால இருப்பு. (அமெரிக்கர்கள் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்று இருப்பை விழுங்கிவிடுவது தனி வழக்கு.)

'வந்திருக்கிறான்' என்பதில் உள்ள 'இரு'வும் இதற்குள் வந்துவிடுகிறது. ஆபத்தும் அங்கேதான். ஈரத் தரையைப் பார்த்து 'ராத்திரி மழை பெய்திருக்கு' என்கிறோம். நம் 'இருக்கு' ஊகத்துக்கும் வரும், தேதியோடும் வரும். ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' உள்ளே வந்தால் 'ஹேவ்' வெளியே போக வேண்டும். 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' மட்டுமே சரி. 'போன வாரம் மதுரை போயிருந்தேன்' என்பதை 'ஐ ஹேட் கான்' என்று நானே பல வருஷம் எழுதியிருக்கிறேன், யாரும் திருத்தவில்லை. வெறும் 'வென்ட்' போதும். ரயிலடிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டது என்று, பழைய சங்கதிக்கும் முந்திய ஒன்றைச் சொல்லும்போதுதான் 'ஹேட் லெஃப்ட்'.

ஆகவே சொல்லை ஏற்றாலும், 'நிகழ்கால இருப்பில் தேதி போடாதே' என்ற வரியையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

'பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ்'க்கு ('ஹேவ் பீன் லிவிங்' மாதிரி) 'தொடர் இருப்பு' எழுதிப் பார்த்தேன், ரயில் பெட்டி மாதிரி ஒலிக்கிறது. யாராவது வேறு சொல்லுங்கள்.