படத்தை வைத்து இடம் கண்டுபிடித்த அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

எங்கள் ரயில் ரசிகர் குழுவில் ஞாயிறு மாலை யாராவது ஒரு படம் போடுவார்கள். ஸ்டேஷன் பலகை தெரியக் கூடாது, மற்றவர்கள் இடத்தைச் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் இன்ஜினைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதில் ராயபுரம் ஷெட் (இன்ஜினைப் பராமரிக்கும் பணிமனை) என்று இருந்தால் சென்னைப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ராயபுரம் இன்ஜின் டெல்லி வரை போய்வருமே! நகராத விஷயங்களைப் பாருங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வது: மலை, ஆறு, மின்கம்பம்.

என்னால் மறக்க முடியாத படம் ஒன்று. இரட்டைப் பாதை, தென்னந்தோப்பு, ரயிலுக்கு இடப்பக்கம் பெரிய மலை. அவ்வளவுதான். பெரிதாக்கிப் பார்த்தபோது மின்கம்பத்தின் எண் தகடு பாதி தெரிந்தது. தகட்டில் மேலே இருப்பது கிலோமீட்டர், கீழே இருப்பது அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை எண். மேலே 2, 0. மூன்றாவது எண்ணை இலை மறைத்திருந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் ஏறக்குறைய 69, காட்பாடி 130, ஜோலார்பேட்டை 214. அப்படியானால் 200க்கு மேல் என்பது வாணியம்பாடி தாண்டி. எழும்பூரிலிருந்து விழுப்புரம் வழியாகப் போகும் பாதையிலும் 200 வரும், விருத்தாசலத்துக்குச் சற்று முன்னால். ஆனால் அங்கே இப்படி மலை ஏது? ஆக, இது ஏலகிரி.

ஜோலார்பேட்டை நோக்கிப் போகும்போது ஏலகிரி இடப்பக்கம், அதாவது கிழக்கே இருக்கும். காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் நிற்கும், நம் பக்கச் சரிவு இருட்டாகத் தெரியும். படத்தில் சரிவு முழுக்க வெயில். "கேத்தாண்டப்பட்டி பக்கம், பிற்பகல், ரயில் ஜோலார்பேட்டை போகிறது" என்று எழுதினேன். படம் எடுத்தவர் உடனே ஆமாம் என்றார், நேரம் நாலு மணி என்றும் சொன்னார். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நிழலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நண்பகலில் நிழல் வடக்கே விழும் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித்தருவார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும், நிழல் தெற்கே விழும். கோடைப் படம் என்றால் இதை மனதில் வையுங்கள்.

*

அண்ணே, நான் பஸ் ஆள். நம் அரசு பஸ் என்றால் நம்பர் பிளேட்டே பாதி சொல்லிவிடும்: TN 74 N என்றால் நாகர்கோவில், TN 72 N என்றால் நெல்லை, TN 43 N என்றால் ஊட்டி. கேரள அரசு பஸ்ஸில் அது நடக்காது, எல்லாவற்றுக்கும் கேஎல் 15தான். அப்படி ஒரு கேஎல் 15 படம் வந்தது. மலைப்பாதை, ஈரமான ரோடு; மூணாறு, வயநாடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மரங்களுக்கு நடுவே கருங்கல் வளைவு ஒன்று எட்டிப் பார்த்தது. செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையின் பதிமூணு கண் பாலம்! தென்காசியில் பிறந்தவனுக்கு அந்த வளைவு தெரியாதா? 1904இல் திறந்த பாதை, 2018இல் அகலப் பாதையாகி மறுபடி ஓட ஆரம்பித்தது. இப்போது பாலத்தின் மேல் இருக்கும் மின்கம்பம் படத்தில் இல்லை, அதனால் படம் கொஞ்சம் பழையது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

*

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு பீரோவில் ஒரு கவர் நிறையப் படங்கள் கிடைத்தன, எதன் பின்னாலும் ஊர் எழுதவில்லை. ஒன்றில் ஆற்றுப்பாலம், அதன்மேல் மீட்டர் கேஜ் ரயில், தூரத்தில் மலைக்கோட்டை. காவிரிப் பாலம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அம்மாவிடம் காட்டினேன். "நாம ஸ்ரீரங்கத்துல இருந்தப்ப எடுத்தது, நீ கைக்குழந்தை" என்றார்.

இன்னொன்றில் ஒற்றைப் பாதை, பின்னால் மொட்டைப் பாறை, உச்சியில் கோட்டைச் சுவர். நாமக்கல் என்று மாமா சொல்கிறார். நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013இல்தான், படம் அதற்கு ரொம்ப முந்தியது. திண்டுக்கல்லாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்பது மட்டும் பிடிபடவில்லை. படத்தைக் கீழே போடுகிறேன், திண்டுக்கல்காரர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவை அங்கே அழைத்துப் போக ஆசை.